வருமுன் காக்கும் பணி

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?’ என்றும் அவர்களே கேட்டார்கள். முதற்பழமொழியின்படி நடப்பவர் சிலர். இரண்டாவது பழமொழிக்கு இலக்காகி வருந்துபவரோ பலர். ஆனால் அந்த முதற்பழமொழியையே தம் வாழ்க்கைத் தொழிலாக ஏற்றுக்கொண்ட ஒரு கூட்டத்தார் உலகெங்கும் இருக்கின்றனர். அவர்களே தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகளும் இடர் மேலாளர்களும் ஆவர்.

மேல்வகுப்பு மாணவியரிடம், “படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவர், ஆசிரியை, செவிலியர், வங்கி அலுவலர், கணினிப் பொறியாளர் என்று விடைகள் வரும். “தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி ஆவேன்” என்று சொல்லும் மாணவியைக் காண்பது அரிது. இப்படி ஒரு பணி இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் அதற்குக் காரணம். நம் வீடுகளிலிருந்து நாள்தோறும் அப்பாவும் அண்ணனும் அக்காவும் ஆலைக்கும் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் செல்கிறார்கள். காலையில் போனவர் மாலையில் முழு உடலோடு வீடு திரும்ப வேண்டும். அதற்காகவே ஒருவர் படித்து, பயிற்சி பெற்று, ஊதியம் வாங்கி உழைக்கிறார் என்றால் அது எத்தகைய பணி என்று அறிந்துகொள்வது நல்லதல்லவா?

ஒரு மருத்துவரின் கேள்வி

இத்துறையின் வரலாறு இத்தாலி நாட்டில் தொடங்குகிறது எனலாம். பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுரங்கத் தொழிலாளர், குயவர், நெசவாளர், எழுத்தர் என ஒவ்வொரு தொழில் செய்வோருக்கும் எந்தெந்த நோய் வருகிறது என்று நேரில் சென்று பார்த்து எழுதினார். அக்கால மருத்துவர்கள் நோயாளியிடம் எங்கே வலி, எத்தனை நாளாக வலி என்று கேட்பார்கள். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார் ராமஸ்ஸினி. “நீர் என்ன தொழில் செய்கிறீர்?” என்பதே அக்கேள்வி.

கேள்வி சிறியது, ஆனால் அதன் பொருள் பெரிது. நோய் விதியால் மட்டும் வருவதன்று, வேலை செய்யும் இடத்திலிருந்தும் வருகிறது என்பதை அது உலகுக்கு உணர்த்தியது. இடத்திலிருந்து வருமானால், இடத்தை மாற்றி அதைத் தடுக்கவும் இயலும் அன்றோ?

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். நூற்பாலையில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பகுதியில் தூசி மிகுதி. அங்கே பல ஆண்டுகள் உழைப்பவருக்கு ‘பிஸினோஸிஸ்’ என்ற நுரையீரல் நோய் வரலாம். இந்நோயில் ஒரு விந்தை உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுக்கம் அதிகமாக இருக்கும். அடுத்த நாட்களில் சற்றுத் தணியும். தொடக்க நிலை இதுவே. ஆகவே, “எந்தக் கிழமையில் மூச்சு முட்டுகிறது?” என்று கேட்கத் தெரிந்தவர் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்வார். கேட்கத் தெரியாதவரோ அதைச் சாதாரண இருமல் என்று எண்ணி விட்டுவிடுவார்.

பெண்கள் போட்ட பாதை

‘இயந்திரமும் ஆலையும் ஆண்களின் உலகம்’ என்று நினைப்போர் உண்டு. ஆனால் இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால் பெண்களின் பெயர்கள் முன்வரிசையில் நிற்பதைக் காணலாம்.

பிரிட்டனில் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதன்முதலாக நான்கு தொழிற்சாலை ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டனர். நால்வரும் ஆண்கள். அறுபது ஆண்டுகள் சென்றபின், 1893ஆம் ஆண்டில், மே ஆபிரகாம், மேரி பேட்டர்சன் என்ற இரு பெண்கள் ஆய்வாளர்களாக நியமனம் பெற்றனர். ஆலைகளில் பெண்களும் சிறுமியரும் பெருந்தொகையாக உழைத்தும், அவர்கள் குறைகளை மனம் திறந்து சொல்லப் பெண் ஆய்வாளர் ஒருவரும் அதுவரை இல்லை.

அவர்களை அடுத்து வந்தவர் லூசி டீன். கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளில் பறக்கும் தூசி தொழிலாளரின் உடலுக்குத் தீங்கு செய்கிறது என்று 1898ஆம் ஆண்டிலேயே அவர் அரசுக்கு அறிக்கை எழுதினார். அத்தூசியை உருப்பெருக்கியில் பார்த்தபோது துகள்கள் உடைந்த கண்ணாடியைப் போலக் கூர்மையாக இருந்தன என்பதும் அவ்வறிக்கையில் இடம்பெற்றது. ஆனால் பிரிட்டனில் கல்நாரை முற்றிலும் தடை செய்தது 1999ஆம் ஆண்டில்தான். எச்சரிக்கைக்கும் முழுத் தடைக்கும் இடையே நூற்றோராண்டு கடந்தது! அந்த இடைவெளியில் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் வடித்திருக்கும்! உண்மையைக் கண்டு சொல்வது பாதி வேலை. அதைக் கேட்கும்படி செய்வது மீதி வேலை என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர், சிக்காகோ நகரில் ஏழைத் தொழிலாளர் நடுவே குடியிருந்து பணி செய்தார். ஈயத்தைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கு நேரில் சென்றார். தொழிலாளரின் வீடுகளுக்கும் சென்று, யாருக்கு என்ன நோய் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். ஈய நஞ்சு தூசியாகவும் புகையாகவும் உடலுக்குள் நுழைகிறது என்பதைத் திரட்டிய சான்றுகளோடு நிறுவினார். 1919ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக்கியது. அப்பல்கலைக்கழகம் நியமித்த முதல் பெண் ஆசிரியர் அவரே. எனினும் ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என்ற நிபந்தனைகளும் உடன் வந்தன. அவர் அவற்றைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைப் பார்த்தார். 101 ஆண்டு வாழ்ந்து 1970 செப்டம்பரில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று.

மற்றொருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரில் ‘டிரையாங்கிள்’ என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அது பத்து மாடிக் கட்டடத்தின் மேல்தளங்களில் இயங்கிவந்தது. ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு ஏணி அந்த உயரத்தை எட்டவில்லை. 146 பேர் இறந்தனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். அருகிலிருந்த பெர்கின்ஸ் அக்காட்சியைக் கண்ணால் கண்டார். அதன்பின் தொழிற்சாலைகளை ஆராயும் பணியில் ஈடுபட்டார். தீப்பாதுகாப்புக்கும் வேலை நேரத்துக்கும் புதிய சட்டங்கள் வர உழைத்தார். 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

நம் தமிழ்நாடும் இதுபோன்ற துயரத்தை அறியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. கூரை எதனால் வேயப்பட்டது, வெளியேறும் வழி எத்தனை, படிக்கட்டின் அகலம் எவ்வளவு என்ற கேள்விகளை முதல் நாளே யாரேனும் கேட்டிருக்க வேண்டும். அவற்றைக் கேட்பதுதான் இப்பணி.

அபாயமும் இடரும்

இத்துறையில் முதற்பாடம் இரண்டு சொற்களைப் பிரித்தறிவது. ஒன்று அபாயம், மற்றொன்று இடர். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். பாதுகாப்பு இயலில் அவை வேறு வேறு.

ஒரு கிணறு இருக்கிறது. ஆழமான நீர் ஓர் அபாயம். அதாவது தீங்கு செய்யக்கூடிய பொருள். கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது, மேலே இரும்பு வலை போட்டிருக்கிறது என்றால் இடர் குறைவு. சுவர் இல்லை, பக்கத்தில் சிறுவர் பந்து விளையாடுகிறார்கள் என்றால் இடர் மிக அதிகம். நீர் அதே நீர்தான். சூழ்நிலை மாறும்போது இடர் மாறுகிறது.

இடரை எப்படி அளப்பது? இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். விபத்து நேர வாய்ப்பு எவ்வளவு? நேர்ந்தால் பாதிப்பு எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் கொடுத்துப் பெருக்குவது எளிய முறை. குடிநீர்க் குழாயடியில் தரை எப்போதும் ஈரமாக இருக்கிறது. வழுக்கி விழ வாய்ப்பு 4, பாதிப்பு 2, ஆக இடர் 8. வகுப்பறையில் மின்விசிறியின் கொக்கி துருப்பிடித்திருக்கிறது. விழ வாய்ப்பு 2தான். ஆனால் விழுந்தால் உயிருக்கே கேடு, ஆகையால் பாதிப்பு 5. இடர் 10. நாள்தோறும் கண்ணில் படுவது ஈரத்தரை. முதலில் கவனிக்க வேண்டியதோ மின்விசிறி. கண்ணுக்குப் பழகியதை மட்டும் பார்க்காமல் கணக்கிட்டுப் பார்க்கக் கற்பதே இக்கல்வியின் பயன். ஆனால் எண் நமக்கு உதவி செய்யும் கைகாட்டிதான். முடிவெடுப்பது மனிதரின் அறிவும் அனுபவமும் ஆகும்.

ஐந்து படிகள்

இடரைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்து என்ன செய்வது? உலகெங்கும் ஐந்து படிகளைச் சொல்கிறார்கள். வலிமை மிகுந்தது முதலில், வலிமை குறைந்தது கடைசியில்.

முதற்படி, அபாயத்தை அடியோடு நீக்குதல். உயரத்தில் ஏறிச் செய்யும் வேலையைத் தரையிலேயே செய்து முடித்து, பின் தூக்கிப் பொருத்த முடியுமானால், விழும் அபாயமே இல்லை.

இரண்டாம் படி, தீயதற்கு மாற்றாக நல்லதை வைத்தல். இதற்குத் தீப்பெட்டியே சிறந்த சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி செய்ய வெள்ளைப் பாஸ்பரஸைப் பயன்படுத்தினர். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888ஆம் ஆண்டில் லண்டன் நகரில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய துன்பங்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. 1906ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913ஆம் ஆண்டில் தடைச் சட்டம் வந்தது. இன்று நாம் உரசும் பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது தீங்கு குறைந்த சிவப்புப் பாஸ்பரஸ். பொருளை மாற்றியவுடன் நோய் மறைந்தது.

மூன்றாம் படி, பொறியியல் தடுப்பு. சுழலும் சக்கரத்துக்கு மூடி போடுவது, தூசியைப் பிறந்த இடத்திலேயே உறிஞ்சி எடுப்பது, கை உள்ளே இருந்தால் இயந்திரம் ஓடாதபடி அமைப்பது ஆகியன இதில் அடங்கும்.

நான்காம் படி, ஒழுங்குமுறை. வேலை நேரத்தைக் குறைத்தல், பயிற்சி அளித்தல், எச்சரிக்கைப் பலகை வைத்தல், எழுத்து மூலம் அனுமதி பெற்றே ஆபத்தான வேலையைத் தொடங்குதல் முதலியன. பட்டாசுத் தொழிலில் ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று வரம்பு வைத்திருப்பதும், பருத்தி ஆடையே உடுத்தச் சொல்வதும் இவ்வகையே. செயற்கை இழைத் துணியில் உராய்வினால் மின்பொறி தோன்றக்கூடும். வெடிமருந்துக்கு அந்தச் சிறு பொறி போதும்.

ஐந்தாம் படி, தற்காப்புச் சாதனங்கள். தலைக்கவசம், கையுறை, முகமூடி, காதடைப்பான். பாதுகாப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது தலைக்கவசமே. ஆனால் அது இருப்பதோ கடைசிப்படியில்! ஏன்? வெயிலிலும் வியர்வையிலும் எட்டு மணி நேரம் முகமூடியை ஒரு கணமும் கழற்றாமல் இருக்க யாரால் முடியும்? மற்ற தடுப்புகள் மனிதர் மறந்தாலும் காக்கும். முகமூடி மறந்தால் காக்காது. ஆகையால் முகமூடியை வாங்கிக் கொடுத்துவிட்டு, “எங்கள் கடமை முடிந்தது” என்று சொல்லும் நிர்வாகம் கடமையின் கடைசிப்படியில்தான் நிற்கிறது.

‘கவனக்குறைவு’ என்ற சொல்

விபத்து நேர்ந்தால் உடனே சொல்லப்படும் காரணம் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’. நல்ல பாதுகாப்பு அதிகாரி இச்சொல்லோடு நின்றுவிடமாட்டார். “ஒருவர் ஒரு கணம் கவனம் தவறினால் உயிரே போகும்படி அந்த இடம் ஏன் அமைந்திருந்தது?” என்று கேட்பார்.

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. ஏறத்தாழ 40 டன் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, வெப்பமும் அழுத்தமும் ஏறின. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அந்தத் தொட்டிக்குக் காவல் இல்லாமல் இல்லை. குளிர்விக்கும் கருவி இருந்தது. அதை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தனர். வாயுவைக் கழுவும் கோபுரம் இருந்தது; அது இயங்கும் நிலையில் இல்லை. எஞ்சியதை எரிக்கும் கோபுரமும் இருந்தது. அதன் குழாய் இணைப்பு கழற்றப்பட்டிருந்தது. மூன்று காவலரும் ஒரே நேரத்தில் உறங்கினர். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982ஆம் ஆண்டிலிருந்தே இந்த ஆபத்தைப் பற்றி எழுதிவந்தார். கேட்பார் இல்லை.

1988 ஜூலை 6 அன்று வடகடலில் ‘பைப்பர் ஆல்ஃபா’ என்ற எண்ணெய்த் தளம் வெடித்து 167 பேர் இறந்தனர். பழுதுபார்ப்பதற்காக ஓர் இயந்திரக் குழாயின் பாதுகாப்பு வால்வைப் பகல்முறை ஆட்கள் கழற்றியிருந்தனர். அச்செய்தி இரவுமுறை ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்த இயந்திரத்தை ஓட்டினர். ஒரு தாள், உரிய கையிலிருந்து உரிய கைக்குப் போகாததால் வந்த வினை! வீட்டில் மின்கம்பி வேலை நடக்கும்போது, ‘ஸ்விட்சைப் போடாதே’ என்று அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதும் இதே பாடத்தின் சிறு வடிவந்தான்.

பெரிய விபத்துக்கு முன் சிறிய அறிகுறிகள் பல தோன்றும். “நல்லவேளை, நூலிழையில் தப்பினேன்” என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் நிகழ்ச்சிகளே அவை. பாதுகாப்பு இயலில் அவற்றைச் சிரித்து விட்டுவிடுவதில்லை. குறிப்பேட்டில் எழுதி, காரணம் தேடுவார்கள். தப்பியதைச் சொன்னால் திட்டு விழும் என்ற அச்சம் உள்ள இடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லாத இடத்தில் அடுத்தமுறை யாரும் தப்பமாட்டார்கள். ஆகவே அச்சத்தைப் போக்குவதும் பாதுகாப்பு அதிகாரியின் வேலையே.

அதிகாரியின் ஒரு நாள்

காலை முறை தொடங்குமுன் அதிகாரி ஆலைக்குள் ஒரு சுற்று வருவார். வெளியேறும் கதவின் முன் பஞ்சு மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா? தீயணைப்புக் கருவியின் அழுத்த முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? நேற்று கழற்றிய இயந்திர மூடி மீண்டும் பூட்டப்பட்டதா? பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர்களுக்குப் புரியும் மொழியில் வகுப்பு. பின், ஒலிமானியைக் கொண்டு இரைச்சலை அளத்தல், காற்றில் தூசியை அளத்தல். பிற்பகலில் தொழிலாளரும் நிர்வாகத்தினரும் சேர்ந்தமர்ந்த பாதுகாப்புக் குழுக் கூட்டம். இடையே ஒருவர் கொதிகலனுக்குள் இறங்க அனுமதி கேட்டு வருவார். உள்ளே காற்றைச் சோதித்தாயிற்றா, வெளியே காவல் நிற்பவர் யார் என்று பார்க்காமல் கையெழுத்திடக்கூடாது.

அக்கையெழுத்தில்தான் இப்பணியின் கனம் முழுவதும் இருக்கிறது. “சரக்கு இன்று அனுப்பியாக வேண்டும், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்” என்று மேலதிகாரி சொல்வார். “எங்களுக்குப் பழக்கந்தான், அம்மா, ஒன்றும் ஆகாது” என்று தொழிலாளியே சொல்வார். இருவரிடமும் இன்முகத்தோடு, ஆனால் உறுதியாக, ‘இல்லை’ என்று சொல்லத் தெரிய வேண்டும். மருத்துவர் ஓர் உயிரைக் காத்தால் அந்த மனிதர் நன்றியோடு வணங்குவார். பாதுகாப்பு அதிகாரி காத்த உயிருக்குத் தான் காக்கப்பட்டதே தெரியாது. புகழ் இல்லாத பணி. ஆனால் பயன் இல்லாத பணியன்று.

என்ன படிக்க வேண்டும்?

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ஆம் ஆண்டில் வந்தது. விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகள் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்றது. போபால் துயரத்துக்குப் பின் 1987ஆம் ஆண்டில் அபாயகரமான தொழில்களுக்கென ஒரு தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையைக் குறைத்துள்ளது. தொழிற்சாலையானால் 500 பேர், அபாயகரமான தொழிலானால் 250 பேர், கட்டட வேலையானால் 250 பேர், சுரங்கமானால் 100 பேர் இருந்தாலே பாதுகாப்பு அதிகாரி வேண்டும். ஆதலால் இத்துறையில் வேலைவாய்ப்பு பெருகுமேயன்றிக் குறையாது.

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் பொறியியல் பட்டமோ பட்டயமோ, அல்லது இயற்பியல், வேதியியல் பட்டமோ பெற வேண்டும். சில ஆண்டுகள் தொழிற்சாலையில் பணியாற்றிய அனுபவம் தேவை. அத்துடன் தொழிலகப் பாதுகாப்பில் பட்டயமும் பெற வேண்டும். மத்திய அரசின் தொழிலாளர் நிலையங்கள் மும்பை, சென்னை, கொல்கத்தா, கான்பூர், பரிதாபாத் ஆகிய நகரங்களில் உள்ளன. தொழிலகப் பாதுகாப்பு மேற்பட்டயப் படிப்பு அவற்றில் நடைபெறுகிறது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம், சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் இத்துறையில் முதுநிலைப் பொறியியல் படிக்கலாம். பிரிட்டனில் 1979ஆம் ஆண்டில் தோன்றிய ‘நெபாஷ்’ தேர்வுக்கு வளைகுடா நாடுகளில் நல்ல மதிப்பு உண்டு. தகுதி விதிகள் அவ்வப்போது மாறுவன. சேருமுன் அந்தப் பட்டயத்துக்கு அரசின் அங்கீகாரம் உண்டா என்று விசாரிப்பது அவசியம்.

அரசுப் பணியை விரும்புவோர்க்குத் தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. அதன் உதவி இயக்குநர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. மருத்துவமும் செவிலியமும் படித்தோர் தொழில்வழி நோய்த் துறையில் சிறப்புப் பயிற்சி பெறலாம். வணிகவியல், கணிதம், புள்ளியியல் படித்தோர்க்கும் கதவு திறந்தே இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் இழப்பு வருமுன் கணக்கிட்டுச் சொல்லும் இடர் மேலாளர்களைத் தேடுகின்றன.

இன்னொரு தகுதியும் விதிகளில் உண்டு. தொழிலாளர் பெரும்பான்மையோர் பேசும் மொழி அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அது. தமிழ்ப் பாடத்தை ஏனோதானோ என்று படிக்கும் மாணவியர் இதைக் கவனிக்கவும்! எத்தனை நுட்பமான அறிவும், கேட்பவருக்குப் புரியும்படி சொல்லாவிட்டால் ஓர் உயிரையும் காக்காது.

பெற்றோருக்கு ஒரு சொல்

“பெண்பிள்ளைக்குத் தொழிற்சாலை வேலையா? ஆண்கள் நடுவே அலைய வேண்டுமே!” என்று தாய்மார் தயங்குவது இயல்பு. ஆனால் எண்ணிப் பாருங்கள். நூற்பாலைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களிலும் உழைப்போரில் பெண்கள் எத்தனை பேர்! கருவுற்ற பெண் எந்த இரசாயனத்தின் அருகே நிற்கக்கூடாது, கழிப்பறை வசதி இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்ணுக்கு என்ன நோய் வரும், இரவு வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் விளக்கு எரிகிறதா என்பனவும் பாதுகாப்புதானே? இவற்றை ஒரு பெண் தொழிலாளி பெண் அதிகாரியிடம்தான் தயங்காமல் சொல்வாள். ஆண்களின் அளவுக்குச் செய்த கையுறையும் காலணியும் பெண்களுக்குப் பொருந்துவதில்லை என்பதைக்கூட, போட்டுப் பார்த்த பெண்தானே முதலில் உணர்வாள்? ஆகவே இத்துறையில் பெண்கள் இருப்பது சலுகையன்று, தேவை.

இன்றே தொடங்கலாம்

இப்பணிக்கான பயிற்சியைப் பள்ளியிலேயே தொடங்க முடியும், மாணவியரே! உங்கள் வகுப்பறையிலிருந்து வெளியேற எத்தனை வழிகள் என்று எண்ணிப் பாருங்கள். கதவு உட்புறம் திறக்கிறதா, வெளிப்புறம் திறக்கிறதா என்று கவனியுங்கள். ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைத்தான் மெல்லத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது என்று ஆசிரியை சொல்லும்போது, அது ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் சமையல் வாயு நாற்றம் வந்தால் மின்விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; ஸ்விட்சில் எழும் பொறியே தீக்குக் காரணமாகலாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும் என்பதைத் தம்பி தங்கையருக்கும் சொல்லிக் கொடுங்கள். தேசியப் பாதுகாப்புக் குழு 1966 மார்ச் 4 அன்று நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாள் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஒவ்வொரு வகுப்பும் தன் அறையில் உள்ள இடர்களைப் பட்டியலிட்டுத் தலைமையாசிரியையிடம் கொடுத்தால், அதைவிடச் சிறந்த கொண்டாட்டம் வேறென்ன இருக்க முடியும்?

கூர்ந்து பார்க்கும் கண், பொறுமையாய்க் கேட்கும் காது, தெளிவாய் எழுதும் கை, அஞ்சாமல் பேசும் நா, பிறர் துயரைத் தன் துயராய் எண்ணும் உள்ளம். இவ்வைந்தும் இப்பணிக்கு வேண்டிய கருவிகள். எந்தத் துறைக்குச் சென்றாலும் இவை வீண்போகமாட்டா. ஆனால் இவற்றையே முதலாகக் கொண்டு வாழ்க்கை நடத்தும் துறை ஒன்று உண்டு என்பதை அறிந்தீர்கள். இவ்வாண்டு மேற்படிப்பைப் பற்றி வீட்டில் பேச்சு எழும்போது, மருத்துவம், பொறியியல், வங்கி என்ற பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துப் பேசுங்கள். நூற்றோராண்டு காத்திருந்த லூசி டீனின் எச்சரிக்கையைப் போல இனி ஓர் எச்சரிக்கையும் காத்திருக்கக்கூடாது. அதற்குச் சொல்பவர்களும் வேண்டும், சொல்வதைக் கேட்கச் செய்பவர்களும் வேண்டும். அவர்களுள் நம் பள்ளி மாணவியர் சிலரேனும் இருக்கட்டும்.